ஓரத்தில் நிற்கும் முகங்கள்

1952-இல் அமெரிக்காவில் 'தி ஜங்கிள்' என்றொரு படம் வெளியானது. அதில் சீதா என்று ஓர் இந்திய இளவரசி வருகிறாள். நடித்தவர் மேரி வின்சர். யூட்டா மாநிலத்தில் மேரிஸ்வேல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அவளோடு காட்டுக்குள் போகும் ராமா சிங், சீசர் ரொமேரோ. கியூபா வழிவந்த நியூயார்க்காரர்; பின்னாளில் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராக வந்து சிரித்தவர் இவர்தான். வெள்ளைக்கார வேட்டைக்காரன் ஸ்டீவ் பென்ட்லியாக ராட் கேமரன், கனடாக்காரர். படம் பிடித்தது இந்தியாவில். ராபர்ட் லிப்பர்ட்டின் கம்பெனியோடு தயாரிப்பில் கைகோத்தது நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழில் அதன் பெயர் 'காடு'.

கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யானைகள் மிரண்டு வந்து ஊர்களை மிதித்துத் துவைக்கின்றன. ஏன் மிரள்கின்றன என்று பார்க்க இளவரசி ஆள் திரட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கூட வரும் பென்ட்லியை ராமா சிங்குக்குப் பிடிக்காது. தன் தம்பி செத்துப்போக இவன் மட்டும் உயிரோடு திரும்பிய கோழை என்பது அவன் கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால், பனிக்காலத்தோடு ஒழிந்துபோன மாமூத் யானைகள் மயிரும் கொம்புமாக உயிரோடு திரிகின்றன. அவற்றுக்குப் பயந்துதான் நம் யானைகள் ஓடி வந்திருக்கின்றன. தென்னிந்திய வெயிலில் பனிக்கால யானை! இதை எழுதியவர் டார்ஜான் படங்களுக்குக் கதை எழுதிப் பழகிய கேரல் யங். இயக்கிய வில்லியம் பெர்க், ஜானி வைஸ்முல்லரை வைத்து 'ஜங்கிள் ஜிம்' எடுத்தவர். ஆக, காடு என்றால் என்ன என்று இருவரும் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் கப்பல் ஏறியிருப்பார்கள்.

ஜனங்களின் பயம், காமம், அயல்நாட்டு விநோதத்தின் மேலுள்ள ஆசை, இவற்றைச் சில வாரங்களில் காசாக்கிவிட வேண்டும் என்று எடுக்கிற படங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் விநியோகஸ்தர்கள் 'சி சென்டர் படம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவார்கள். ஸ்டண்ட் படம், பேய்ப்படம், மாயாஜாலப் படம், காபரே வைத்த துப்பறியும் படம் எல்லாம் அந்தக் கூடைக்குள் அடக்கம். கலை விமர்சகர்கள் இவற்றைத் திரும்பியும் பார்த்ததில்லை. அண்மைக் காலமாகப் பார்ப்பவர்கள் கையில் ஒரு தராசோடு வருகிறார்கள்: யாரை எப்படிக் காட்டினார்கள், யார் வேடத்தை யார் போட்டார்கள் என்று நிறுக்கிறார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் தராசில் நிற்காத ஒன்று இந்தப் படங்களில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும்.

செஞ்சிப் பக்கத்துத் தளவானூர்க்காரனான எனக்கு இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் ஊர்ப் பஞ்சபாண்டவர் மலையில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, கல்வெட்டு அதைச் சத்துருமல்லேசுவராலயம் என்கிறது. கருவறைக்குள் லிங்கம், அவ்வளவுதான். சிற்பி தன் கைத்திறனை எல்லாம் கொட்டியிருப்பது வாசலில். தூண்களுக்கு மேலே மகரதோரணம். கபோதத்தில் கூடுகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள். முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர். உள்ளே கருவறை வாசலில் இன்னும் இருவர். போதாததற்குக் குடைவரை தெற்குப் பார்த்தது, கருவறை கிழக்குப் பார்த்தது. நேரே நுழைகிறவன் கண்ணில் சாமி உடனே படாது, காவல்காரன்தான் படுவான். கல்வெட்டுகளில் மன்னன் பெயர் இருக்கிறது, வெண்பாவில் பாட்டுக் கட்டியவர் பெயரும் இருக்கிறது. உளி பிடித்தவர் பெயர் இல்லை. இப்படி ஓரத்து ஆட்களையே பார்த்துப் பழகிய கண் 'காடு' படத்திலும் மேரி வின்சரிடம் நிற்காமல் அவருக்குப் பக்கத்தில் யார் என்று தேடப் போய்விடும்.

பக்கத்தில் அத்தையாக நிற்பவர் சுலோசனா. இயற்பெயர் ரூபி மையர்ஸ். புனேயில் பிறந்த யூதப் பெண், டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்து ஊமைப்பட உலகின் முதல்தர நட்சத்திரமாக ஆனவர். 1927-இல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' என்ற படத்தில் அவர் மட்டும் எட்டு வேடம் போட்டார். தோட்டக்காரன், போலீஸ்காரர், ஐதராபாத் கனவான், தெருப்பொறுக்கிச் சிறுவன், பொன்னிறக் கூந்தல் கொண்ட ஐரோப்பியப் பெண் என்று ஒருத்தியே எல்லாமாக மாறி நின்றாள். பம்பாயிலே ஒரு யூதப் பெண் வெள்ளைக்காரியாகவும் நடித்துக் காட்டிய பிறகு கால் நூற்றாண்டு கழித்து, ஒரு வெள்ளைக்காரி இந்தியப் பெண்ணாக நடிப்பதை அவர் ஓரமாக நின்று பார்க்கிறார். அந்த நிற்றலை நான் ரசிக்கிறேன். திரையுலகில் அவ்வளவு பார்த்தவருக்கு இந்த மாறாட்டம் புதிதாக இருந்திருக்காது.

பிரதம மந்திரி யார்? டேவிட். பம்பாய்ப் பக்கத்து பெனே இஸ்ரேல் சமூகத்துக்காரர். இரண்டு வருடம் கழித்து 'பூட் பாலிஷ்' படத்தில் ஜான் சாச்சாவாக வந்து இந்தியா முழுவதையும் உருக்கப்போகிறவர். இன்னொரு பக்கம் மகாஜி என்ற வேடத்தில், நம்பியார். ஆமாம், எம். என். நம்பியார்தான். மலபாரில் பிறந்து நவாப் ராஜமாணிக்கம் குழுவில் வளர்ந்த அதே நம்பியார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இதே மாடர்ன் தியேட்டர்ஸ், வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலை வைத்து எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் கதாநாயகனாக வந்து போயிருந்தார்.

இப்போது அந்தக் கூட்டத்தை மனக்கண்ணில் ஒரே வரிசையில் நிறுத்திப் பாருங்கள். எட்டு வேடம் போட்ட பெண் அத்தையாக. பத்து வேடத்துக்கு மேல் போட்ட மனிதர் துணைப்பாத்திரமாக. வேஷம் கட்டுவதில் இந்தியாவிலேயே கைதேர்ந்த இருவர் ஓரத்தில் நிற்க, யூட்டாவும் நியூயார்க்கும் நடுவில் நின்று இந்தியர் வேஷம் கட்டுகின்றன. லிப்பர்ட்டின் ஆட்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தே செய்திருந்தால் அதைவிடப் பெரிய நகைச்சுவை கிடையாது. திரையில் காட்டிய இந்தியா பொய். படப்பிடிப்புக்கு வந்து கூடியிருந்த இந்தியாவோ, இரண்டு யூதர்களும் ஒரு மலையாளியும் சேலத்து முதலாளி டி. ஆர். சுந்தரமுமாக, அந்தக் காலத்து எந்த மேன்மையான படமும் காட்டாத நிஜ இந்தியா.

இந்த ஏற்பாட்டில் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் பங்குண்டு. அவர் கதை தமிழருக்குத் தெரிந்ததுதான். ஓஹையோவிலிருந்து 1935-இல் வந்தவர், தமிழ் தெரியாமலே 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆரை முதன்முதலாகத் திரையில் காட்டினார், 'மீரா'வில் எம்.எஸ்.ஸை ஒளியில் குளிப்பாட்டினார், 1950-இல் 'மந்திரி குமாரி'யோடு தமிழ்ப்படங்களை முடித்துக்கொண்டார். அதன்பின் ஹாலிவுட்டுக்காக அவர் இங்கே செய்தது பெரும்பாலும் காடும் யானையும் புலியும்தான். பதினைந்து வருடம் நம் ராஜாக்களையும் பக்தைகளையும் எடுத்த மனிதரை ஹாலிவுட் எதற்குப் பயன்படுத்திக்கொண்டது என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

யானைகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாமூத் எங்கே கிடைக்கும்? நம் யானைகளின் மேலேயே மயிர்ப்போர்வையைப் போர்த்தி, வளைந்த பெரிய கொம்புகளை மாட்டிவிட்டார்கள். அமெரிக்க விமர்சகர்கள் இதை எழுதி எழுதிச் சிரித்திருக்கிறார்கள். எனக்கென்னவோ படத்திலேயே கண்ணியமான நடிப்பு அதுதான். முகம் மறைந்துவிட்டது, முதுகு மறைந்துவிட்டது, ஆனால் நடையை யாராலும் மறைக்க முடியவில்லை. பின்னங்கால் வந்து முன்னங்கால் தடத்தை எட்டுகிற அந்த நிதானம், உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கமாக எழுகிற அந்த அசைவு, நாம் சின்ன வயதிலிருந்து கோயில் வாசலில் பார்த்தது. கூடவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பாகன் எங்கோ நின்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பான். ஆதிகால மிருகத்தைக் கண்டு கேமரன் திகைக்கிறார். நமக்குத் தெரிகிறது, அந்தப் பெண்யானைக்கு வெயிலில் போர்வை உறுத்துகிறது என்று. பெண்யானை என்றேனா? கொம்பு மாட்டிய பிறகு அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பாகன் என்றதும் சாபு நினைவுக்கு வராமல் இராது. மைசூர்ப் பக்கம் காராபுரத்து யானைப்பாகன் மகன். 1937-இல் 'எலிஃபண்ட் பாய்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்று, இங்கிலாந்து போய், அமெரிக்கா போய், அங்கேயே தங்கிவிட்டவர். 1951-இல் அதே லிப்பர்ட், அதே வில்லியம் பெர்க், சாபுவை வைத்து 'சாவேஜ் டிரம்ஸ்' எடுத்தார்கள். அதில் சாபு யார்? தென்கடல் தீவுக்காரன். அடுத்த வருடம் அதே இயக்குநர் யானைக் கதை எடுக்க சாபு பிறந்த பூமிக்கே வந்தார். இந்தியன் வேடத்துக்கு சீசர் ரொமேரோவைக் கூட்டிவந்தார். இந்தியனைத் தீவுக்காரனாக்கு, கியூபாக்காரனை இந்தியனாக்கு. மலிவுப் படத்துக்குத் தோலின் நிறம் ஒன்றுதான் கணக்கு. அதற்கு மேல் ஊர் பேர் எல்லாம் தையற்காரரும் மேக்கப்காரரும் பார்த்துக்கொள்வார்கள்.

அவர்களை மட்டும் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. 1938-இலேயே தமிழுக்கு ஒரு டார்ஜான் வந்தான். 'வனராஜ கார்ஸான்' என்று பெயர். நாயகன் ஜான் காவஸ், பார்சிப் பயில்வான், நாயகி கே. ஆர். செல்லம். அதன்பிறகு நம் படங்களில் வந்துபோன 'காட்டுவாசி'களை எண்ணி மாளாது. உடம்பெங்கும் கரி, இடுப்பில் தழை, தலையில் இறகு, கையில் ஈட்டி, வாயில் பொருளில்லாத கூச்சல். பலிபீடத்தைச் சுற்றி ஒரு ஆட்டம். நாயகனைப் பார்த்ததும் மயங்கும் தலைவன் மகள். அவளுக்கு மட்டும் கரி பூச மாட்டார்கள். அந்த வெள்ளை முகத்தின் அரசியலை விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை.

இதில் எங்கள் பக்கத்து வேதனை ஒன்று உண்டு. செஞ்சி, விழுப்புரம் பகுதி முழுக்க இருளர் குடியிருப்புகள். பாம்பு பிடிப்பது, விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுவது, அரிசி ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைப்பது என்று நம் கண்முன்னே வாழ்கிறவர்கள். இறகு வைத்த காட்டுவாசியைத் திரையில் பார்த்து ஆரவாரித்த கூட்டத்துக்கு, கொட்டகையின் மணல் தரையில் தங்களோடு இருளர் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியதில்லை. 2021-இல் 'ஜெய் பீம்' வந்தபோது இருளர் பெண் செங்கேணியாக உயிரைக் கொடுத்து நடித்தவர் லிஜோமோள் ஜோஸ், கேரளத்துப் பெண். அவர் நடிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நடுவில் நிற்பது யார் என்ற கேள்வி மட்டும் எழுபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் இந்த மலிவுப் படங்களின் கணக்கு வேறு மாதிரி. பதிவிரதைகள் தீக்குளித்துக்கொண்டிருந்த காலத்தில் குதிரை ஏறிய பெண்ணை எங்கே பார்க்க முடியும்? ஸ்டண்ட் படத்தில்தான். 1935-இல் வாடியா சகோதரர்களின் 'ஹண்டர்வாலி'யில் சாட்டையோடு வந்தார் நாடியா. மேரி ஆன் இவான்ஸ் என்ற பெயரோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர். தகப்பனார் பிரிட்டிஷ்காரர், தாயார் கிரேக்கர். அவர் குதிரைக்குப் 'பஞ்சாப் கா பேட்டா', காருக்கு 'ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி' என்று பெயர் வைத்துப் படத்தின் விளம்பரத்திலேயே போடுவார்கள். அந்த வீட்டில் மகனும் மகளும் குதிரையும் காரும்தான்.

தமிழில் நாடியாவுக்கு மறுமொழி சொன்னவர் கே. டி. ருக்மணி. 1937-இல் கே. அமர்நாத் இயக்கிய 'மின்னல்கொடி'. மோகினி என்ற பெண் மாமனின் சூழ்ச்சிக்குத் தப்பிக் காட்டுக்குள் ஓடுகிறாள். அங்கே சாகக் கிடக்கும் கொள்ளைக்காரன் மின்னல்கொடியைப் பார்க்கிறாள். அவன் இறந்ததும் அவன் பெயரையும் ஆண் உடையையும் தொழிலையும் இவளே எடுத்துக்கொள்கிறாள். துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டராக பி. ஸ்ரீனிவாசராவ். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மின்னல்கொடி என்ற பெயர் கேட்பதற்குப் பெண் பெயர். அதைச் சுமந்தவன் ஆண். அவனிடமிருந்து அதை வாங்கி ஆண் வேடத்தில் உலவுகிறவள் பெண். பெயர் ஒரு பக்கம், உடை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று மூன்றையும் இப்படிப் பின்னிவிட்டு, கதாசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பிரசங்கம் செய்யாமல் அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார். பிரசங்கத்துக்கு நேரமில்லை என்பதே ஸ்டண்ட் படத்தின் நல்லொழுக்கம். அதே காலத்துச் சமூகச் சீர்திருத்தப் படமாக இருந்தால் மோகினி குறைந்தது இரண்டு பாட்டாவது பாடி நியாயம் சொல்லியிருப்பாள்.

எழுபதுகளில் எம். கர்ணன் வந்தார். கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பக'த்துக்கு ஒளிப்பதிவு செய்து குடும்பக் கண்ணீரைப் படம் பிடித்தவர், தானே இயக்குநராகிக் கேமராவைக் குதிரைக் குளம்புக்குக் கீழே கொண்டுபோனார். 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா': ஜெய்சங்கர், தொப்பி, துப்பாக்கி, பாறைக்காடு. எங்கள் செஞ்சி வழியில் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் உருட்டி வைத்த பாறைகளைப் பார்த்தால் எனக்குத் தேசிங்குராஜாவுக்கு முன்னால் ஜெய்சங்கர்தான் நினைவுக்கு வருவார். இது ஊர்த்துரோகமாக இருந்தாலும் உண்மை. டெக்சாஸ் என்று சொல்லிக் காட்டினாலும் படத்துக்குப் பெயர் ஜக்கம்மா! கம்பளத்து நாயக்கர்களின் தெய்வம், குடுகுடுப்பைக்காரர் விடியற்காலையில் கூவி அழைக்கிற தெய்வம். இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களைப் பார்த்துச் செய்த உடுப்புக்குள் அவள் எப்படி வந்து உட்கார்ந்தாள் என்று கேட்டால், அவள்தான் முதலிலேயே இருந்தாள், உடுப்புத்தான் பிறகு வந்தது என்று தோன்றுகிறது. 2010-இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தபோது ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்து இந்தக் கடனைத் தீர்த்தார்.

இனி ஆட்டக்காரிகள்.

'உத்தம புத்திரன்' 1958. சிவாஜி மஞ்சத்திலிருந்து எழுந்து, கை தட்டி, ஒயிலாக நடந்து பாடுகிற அந்தப் பாட்டை அறியாத தமிழன் இல்லை. எல்லாரும் சிவாஜியின் நடையைப் புகழ்வார்கள். அதே பாட்டில் ஆட வருகிறார் ஹெலன், இருபது வயதுகூட முழுதாக நிரம்பியிராத பெண். ரங்கூனில் பிறந்தவர். போர்க்காலத்தில் குழந்தையாக, பர்மாவிலிருந்து அஸ்ஸாம்வரை குடும்பத்தோடு நடந்தே வந்தவர். அதே காட்டு வழிகளில் அந்த வருடங்களில் ஆயிரமாயிரம் தமிழர்களும் நடந்தார்கள், பலர் வழியிலேயே விழுந்தார்கள். செட்டியார் கணக்கப்பிள்ளைகள், அறுவடைக் கூலிகள், ரிக்‌ஷாக்காரர்கள் என்று உயிர்தப்பி ஊர் வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 1958-இல் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அந்தக் கால்களைப் பார்த்திருப்பார்கள்! பர்மாவிலிருந்து நடந்து வந்த கால்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மேல்நாட்டு மயக்கம் என்று நினைத்துச் சீட்டியடித்தார்கள். இசை ஓட்டம் பிடிக்கும் இடத்தில் ஹெலனின் இடுப்புக்குக் கீழே புயல், தோளுக்கு மேலே அமைதி, முகம் வேர்ப்பதில்லை. அந்த அமைதியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுண்டு.

ஜோதிலட்சுமியின் வம்சவழி இன்னும் சுவையானது. 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், பாகவதரைப் பார்த்து உள்ளங்கையிலிருந்து முத்தத்தை ஊதிவிட்டுத் தமிழ்நாட்டைக் கிறங்கடித்தவர் டி. ஆர். ராஜகுமாரி. தஞ்சாவூர் இசைக்குடும்பம், பாட்டி குஜலாம்பாள் கச்சேரிப் பாடகி. அந்தக் குடும்பத்து உறவுக்காரர் எஸ்.பி.எல். தனலட்சுமியிடம் வளர்ந்த பெண் ஜோதிலட்சுமி. 1963-இல் 'பெரிய இடத்துப் பெண்'ணில் அவரைத் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் டி. ஆர். ராமண்ணா, ராஜகுமாரியின் தம்பி. ஆக, ஒரே வீட்டில் ஒரு தலைமுறையின் கலை 'கனவுக்கன்னி' என்று கொண்டாடப்பட்டது. அடுத்த தலைமுறையில் அதே உடம்பு, அதே தாளஞானம், 'கிளப் டான்ஸ்' என்று ஒதுக்கப்பட்டது. நடுவில் மாறியது என்ன? கதாநாயகிகள் கற்புக்கரசிகளாகிவிட்டார்கள், ஆடுவதற்கு வேறு ஆள் தேவைப்பட்டது. ஜோதிலட்சுமி ஆடும்போது பாருங்கள், அடவு தெரிந்தவர் அடவை மறைத்து ஆடுகிறார். மேல்நாட்டு டிரம்முக்கு இடுப்பு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பாதம் மட்டும் தன் பாட்டுக்குத் தாளத்தின் சமத்தில் வந்து விழும்.

அவர் தங்கை ஜெயமாலினி. 1978-இல் பி. விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி', தெலுங்கில் எடுத்துத் தமிழ்ப் பட்டிதொட்டியெல்லாம் ஓடிய படம். ஜெயமாலினி பேய். படத்தை மறந்தவர்கூட ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்: அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் கால்களை நீட்டி வைத்துக்கொண்டு, அவை எரிய எரிய, பேய் சமைக்கிறாள். சிறுவர்கள் அலறினார்கள், பிறகு அதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். கேமரா இதுவரை எந்தக் கால்களைக் காட்டிக் காசு பண்ணியதோ, அந்தக் கால்களே இப்போது அடுப்புக்குள். ஒரு பெண் உடம்பைச் சினிமா எதற்கெல்லாம் பயன்படுத்தியது, வீடு எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்ற இரண்டு வழக்கும் ஒரே சட்டகத்தில் வந்து நிற்கின்றன. விட்டலாச்சார்யா இப்படியெல்லாம் யோசித்தாரா என்றால், யோசித்திருக்க மாட்டார். அவருக்குத் தந்திரக்காட்சி வேண்டியிருந்தது. ஜெயமாலினி யோசித்தாரோ என்னவோ, அந்தக் காட்சியில் அவர் முகத்தில் பேய்த்தனம் துளியும் இல்லை. உலை கொதிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கும் எந்த வீட்டுப் பெண்ணின் சலிப்பும்தான் இருக்கிறது. பேய்ப்படத்துக்குள் இவ்வளவு வீட்டுத்தனமா என்று எனக்கு இன்றும் வியப்பு.

சில்க் ஸ்மிதாவைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஆகவே ஒரே ஒரு இடம். 1980-இல் 'வண்டிச்சக்கர'த்தில் சாராயக்கடைப் பெண் வேடத்தின் பெயரே ஆந்திரத்து விஜயலட்சுமிக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடத்தில் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. தலைமையாசிரியர் பூர்ணம் விஸ்வநாதன். அவருடைய இளம் மனைவி சில்க். ஊட்டி மூடுபனியில் கமலோடு அவர் ஆடும் அந்தப் பாட்டு வியாபாரத்துக்காகச் சேர்த்தது என்று அன்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு இல்லாத காட்சிகளைப் பாருங்கள். வீட்டுக்குள் புடவையில் நிற்கிறார். கிழட்டுக் கணவன் பேசிக்கொண்டே இருக்க, வாசல்பக்கம் பார்க்கும் கண்ணில் காமத்தைவிட அதிகமாக இருப்பது பொழுதுபோகாமை. மலையூரில், குளிரில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஒரு பெண்ணின் மத்தியானம். வசனகர்த்தா அவளுக்கு அதைச் சொல்ல வார்த்தை தரவில்லை. சில்க் தானாக எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் இந்தியில் 'சத்மா' எடுத்தபோது நாயகன் நாயகியைப் போலவே இந்த வேடத்துக்கும் வேறு ஆளைத் தேடவில்லை.

விற்காமல் பெட்டியில் கிடந்த படங்களுக்கு ஒரு சிலுக்குப் பாட்டைச் சேர்த்தால் விநியோகஸ்தர் தேடி வருவார் என்பது அந்நாளைய கோடம்பாக்க நடைமுறை. கதைக்கும் பாட்டுக்கும் ஒட்டே இராது. அடியாட்கள் பீப்பாய் உருட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குடோன், நடுவில் அவர். கதையில் இடமில்லாத ஒருத்தி, கதையில் இடமுள்ள அத்தனை பேருக்கும் சம்பளம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

1999 கடைசியில் 'சேது' வந்தது. அதுவும் வாங்க ஆளில்லாமல் நெடுநாளாய்க் கிடந்து, தயங்கித் தயங்கி வெளியான படம். பாலா அதில் ஒரு பாட்டுக்கு ஜோதிலட்சுமியைக் கூட்டிவந்தார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். உடம்பு கனத்திருக்கிறது, இடுப்பு பழைய வேகத்தில் திரும்பவில்லை, கேமராவும் பழைய இடங்களில் போய் நிற்கவில்லை. சுற்றி ஆடுகிற பையன்களின் வயதுக்கு அவர் தாயாக இருக்கலாம். அதையெல்லாம் அவர் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, பையன்கள் தாளத்தைத் துரத்திக்கொண்டிருக்க, பாதத்தைச் சமத்தில் வைக்கிறார்.